பதிவெண் இல்லாத கிண்ணம்

பிப்ரவரி 3
அருங்காட்சியகத்தில் தன்னார்வலர் என்றால் வருகிறவர்களுக்கு வழி காட்டும் வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் சேர்கிறார்கள். கையில் கிடைப்பது பென்சிலும் அளவு நாடாவும் ஒரு தட்டு உடைசலும். காட்சிக்கு வைக்காத பொருள்கள் இருக்கும் ஸ்டோருக்குள் பேனா கூடாது. துணியிலோ காகிதத்திலோ பட்ட மை போகாது. மோதிரம், வாட்ச், கழுத்தில் தொங்கும் அட்டை மூன்றையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். காட்சிக்கூடத்தில் சலித்துப் போனவர்கள்கூட இந்த அறைக்குள் வந்த பிறகு இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

பிப்ரவரி 4
எதைத் தொட்டாலும் வெள்ளைப் பருத்திக் கையுறை என்பதெல்லாம் சினிமாவில். மெருகிட்ட பீங்கானில் பருத்தி வழுக்கும். உலோகத்துக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, இல்லாவிட்டால் வியர்வை உப்பு விரல்ரேகையாகவே அரித்து நிற்கும். காகிதத்துக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கை போதும். கையுறை போட்டால் விரலுக்கு நிதானம் தெரியாமல் ஓரம் கிழியும். ஜாடியைக் கைப்பிடியில் தூக்கவே கூடாது. தனியாகச் செய்து ஒட்டிய பாகம், முதலில் விடுவதும் அதுதான்.

பிப்ரவரி 9
மூன்றாம் அலமாரி, கீழ்த்தட்டு. கறுப்புக் கிண்ணம். எண் இல்லை.

பிப்ரவரி 10
எண் எழுதும் வேலை. 1987.12.3 என்றால் 1987-இல் வந்த பன்னிரண்டாவது தொகுப்பின் மூன்றாம் பொருள். அடிப்பக்கத்தில், ஆனால் தரையில் உராயாத இடத்தில் எழுத வேண்டும். உடைந்த விளிம்பில் எழுதினால் பிறகு ஒட்டும்போது துண்டுகள் பொருந்தாது. முதலில் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பிசின், ஒரு சின்னப் பட்டை. அது நன்றாகக் காய வேண்டும். ஈரத்தில் எழுதினால் மை பரவி 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும். சுடுமண் உறிஞ்சிக்கொள்ளும், அதற்கு இரண்டு பூச்சு. மேலே நிறமி மை. அதற்கும் மேல் காப்புப் பூச்சு, இங்கேதான் சொதப்பும்: மறுபடி பி-72 என்றால் அதிலிருக்கும் அசிட்டோன் அடிப்பூச்சையும் இளக்கிவிடும். பிரஷ்ஷை ஒரே இழுப்பில் எடுத்துவிட வேண்டும், திரும்பிப் போனால் எண் கலங்கிவிடும். பெயிண்ட் கரைக்கும் வொயிட் ஸ்பிரிட்டில் கரையும் அதே வகைப் பிசின் பி-67 இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பொருள் பக்கம் அசிட்டோனே வரக் கூடாது. துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதி ஓரத்தில் தைப்பது, காகிதத்துக்கு மென்மையான பென்சில்.

பிப்ரவரி 11
கிண்ணத்துக்குத் தற்காலிக எண், நூலில் கட்டிய அட்டையில். யூகித்து ஒரு பழைய எண்ணைப் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். போட்டுவிட்டால் பதிவேடு முழுவதும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

பிப்ரவரி 16
இன்டர்ன்ஷிப் கடிதம் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 18
ஒட்டும் பூச்சிப் பொறிகளைச் சுவரும் தரையும் சேரும் மூலையில் வைக்க வேண்டும்; நடு அறையில் வைத்தால் தூசிதான் விழும். ஒவ்வொன்றிலும் தேதி, இட எண். அந்துப்பூச்சி அரித்த கம்பளியைப் பாலித்தீனில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள், மைனஸ் 20 என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரித்தால் குளிர்ந்த துணிமேல் நீர் கோத்துக்கொள்ளும். அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு முழு நாளாவது, பை மூடியே கிடக்கட்டும்.

பிப்ரவரி 24
"ஏன் இவ்வளவு இருட்டு?" காட்சிக்கூடத்தில் பார்வையாளர்களிடம் இன்றும் அதே கேள்வி. லக்ஸ் என்பது மேலே விழும் வெளிச்சத்தின் அளவு. துணிக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200. வெளுத்த சாயம் திரும்பாது. 100 லக்ஸில் ஒரு மணி நேரமும் 50-இல் இரண்டு மணி நேரமும் ஒரே சேதம். இதைப் பேழைக்குப் பக்கத்தில் எழுதி வைத்தால் என்ன?

மார்ச் 2
நாணயத் தட்டில் வெளிர்பச்சைப் பொடி. மரக்குச்சியால் தொட்டாலே உதிர்கிறது. வழவழப்பான கரும்பச்சைப் படலம் இப்படி உதிராது. குளோரைடு உப்பின் வேலை, ஈரம் கிடைத்தால் செம்பைத் தின்றுகொண்டே போகும். மூடிய பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ். பக்கத்து நாணயத்துக்குத் தொற்றுமா என்ற பயம் வேண்டாம், ஆனால் அதே ஈரத்தில்தான் அதுவும் இருந்தது.

மார்ச் 3
பழைய பதிவேட்டில் "கறுப்புக் கிண்ணம், வாய் சிதைந்தது, உயரம் 4¼ அங்குலம்". அதாவது 10.8 செ.மீ. நம்முடையது 10.6. அந்தக் காலத்தில் கால் அங்குலத்துக்கு முழுமையாக்கி எழுதியிருந்தால் பொருந்தும். ஆனால் நான்கு பக்கம் தள்ளி இன்னொரு கறுப்புக் கிண்ணம், அளவே இல்லாமல். சே.

மார்ச் 5
பழைய புகைப்பட நெகட்டிவ் பெட்டிகளில் தேட அனுமதி கிடைத்தது. கிண்ணத்தின் வாய் உடைந்த இடத்தின் வடிவம் படத்தில் இருந்தால் போதும். பெட்டி 14-இலிருந்து தொடங்க வேண்டும்.