சிம்னி துடைத்த சாமியாரின் ஊர்

வடக்கு இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்குக்குப் பெரும்பாலும் பனிமலை பார்க்கத்தான் போவார்கள். நாங்கள் போனது ஒரு கத்தோலிக்கச் சாமியாருக்காக. சேன் பியேர் கோட்டையிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் அவருடைய ஊர், சேன் நிக்கோலா. பாறை முகட்டில் பங்கு ஆலயம், அதாவது ஊர்க் கோயில். முற்றத்தில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் தெரிகிறது.

அந்தச் சாமியார் ழான் பத்தீஸ்த் செர்லோஞ். 1826இல் இந்தப் பங்கில்தான் பிறந்தார். ஏழை வீடு. சிறுவனாக இருக்கும்போதே மார்செய் நகருக்குப் போய் சிம்னி துடைத்தார். 1848இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் சிப்பாய். அப்புறம் சாமியார்களைப் பயிற்றுவிக்கும் ஆவோஸ்தா குருமடத்தில் சமையலறை வேலை. அங்கிருந்துதான் படிப்புக்குத் திரும்பினார். குருப்பட்டம் பெற்றபோது வயது 38.

அதற்கு 9 ஆண்டுகள் முன்பே, 1855இல், ஊர்ப் பேச்சான பத்துவாவில் பாட்டு எழுதத் தொடங்கிவிட்டார். அப்போது அங்கே பிரசங்கத்துக்கும் படிப்புக்கும் பிரெஞ்சுதான். பத்துவா அடுப்படிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் உரியது. அதில் அவர் முதலில் எடுத்துக்கொண்டது இயேசு சொன்ன ஊதாரி மைந்தன் உவமை. ஆலயத்தில் கூட்டமில்லை, பின் பெஞ்சில் உட்கார்ந்து, பைபிளில் அந்த உவமை வரும் லூக்கா 15ஆம் அதிகாரத்தை வாசித்தேன். மகன் தொலைவில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் இடம் வந்ததும் மேலே வாசிக்க முடியவில்லை. சின்ன வயதிலேயே பிழைப்புக்காக வீட்டை விட்டுப் போன ஒருவர் இந்த உவமையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் பக்திப் பாட்டோடு நிற்கவில்லை. வெர்த்தொசான் மேய்ச்சல் நிலத்தில் பசுக்கள் கொம்பு முட்டி மோதி மந்தைத் தலைமையைப் பிடிக்கும் சண்டையையும் பாடியிருக்கிறார். (அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. களம் இறங்குபவை சினைப்பசுக்கள்!) மாதா பாவக்கறை இல்லாமல் கருவில் உருவானார் என்று சொல்லும் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் அமல உற்பவ அறிக்கையையும் அதே பேச்சில் மொழிபெயர்த்தார். மாட்டுச் சண்டையும் மாதாவும் ஒரே வாயில் வருவதுதான் எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது.

மலைப் பங்குகளில் ஊழியம் செய்துகொண்டே இலக்கணமும் அகராதியும் தொகுத்தார். அகராதி 1907இல் வந்தபோது வயது 81. மூன்று ஆண்டுகளில், இதே ஊரில் கண்மூடினார்.

ஊரில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்காக 1963 முதல் நடந்துவரும் பத்துவா விழாவுக்கும் செர்லோஞ் பெயர்தான். பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுச் சேகரித்ததை அங்கே கொண்டுவருகிறார்கள்.