ஸ்பீக்கர் ஒயர்: தடிமனும் செம்பும் போதும்

ஸ்பீக்கர் 8 ஓம், ஒயர் 5 மீட்டர் என்றால் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரே தாராளம். போக வர 10 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.12 ஓம்தான், ஸ்பீக்கர் தடையில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் இழுப்பதானால் 2.5 சதுர மி.மீ. எடுங்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் 'ஆடியோஃபைல்' ஒயரெல்லாம் பார்வைக்கு அழகு, அவ்வளவே.

ஏமாறும் இடம் வேறு. செம்புப் பூச்சுள்ள அலுமினிய ஒயரில் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

நுனியில் 1 செ.மீ. மட்டும் உரித்து, இழைகளை இறுக்கி முறுக்குங்கள். பிரிந்த ஒரே இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபையர் போய்விடலாம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்துவிடும்.