போனது பெட்ஷீட், வந்தது குவில்ட்: ஒரு பார்சலை மீட்ட கதை

27,400 ரூபாய் வரி கட்டினால்தான் பார்சல் வெளியே வரும் என்று போனில் செய்தி வந்தபோது நான் சனிக்கிழமை வகுப்பில் இருந்தேன். ஆறு பேர் மேசையைச் சுற்றி நிற்க, ஓரத்தை மூடித் தைக்கும் பைண்டிங் பட்டையை மூலையில் எப்படி மடித்துத் திருப்புவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. பார்சலில் இருப்பது என்னுடைய குவில்ட், துணித் துண்டுகளை இணைத்து அடுக்கி வைத்துத் தைத்தது. நானே வெட்டி, நானே தைத்து, நானே கண்காட்சிக்கு அனுப்பி, இப்போது எனக்கே திரும்பி வருவது. அதற்கு எதற்கு இறக்குமதி வரி?

இந்தக் கேள்வியோடு அலைந்ததில் 23 நாள் போனது. இரண்டு ரயில் பயணம், மூன்று வகுப்பு ரத்து. முதல் தடவையாக வெளிநாட்டுக்குக் குவில்ட் அனுப்பப் போகிறவர்கள் யாராவது இருந்தால், அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கண்காட்சி இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் 'த ஃபெஸ்டிவல் ஆஃப் குவில்ட்ஸ்'. 2003-லிருந்து நடக்கிறது. குவில்ட் தைக்கிற எவருக்கும் ஒரு முறையாவது அங்கே தன் வேலை தொங்க வேண்டும் என்று ஆசை இருக்கும். பதிவு, பணம் கட்டுவது, மாட்டுவதற்குப் பின்பக்கம் 4 அங்குலக் குழாய்த் துணி தைப்பது எல்லாம் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

குவில்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியில் என்னைக் காப்பாற்றியது அதுதான். 60-க்கு 60 அங்குலம். தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கவிடுவார்களே, துணி வெட்டி ஒட்டித் தைத்த தொம்பை, அதன் வடிவத்தை வைத்துச் செய்தது. நடுக்கட்டம் எங்கள் அமுச்சியின், அம்மாவைப் பெற்ற பாட்டியின், அரக்குச் சுங்குடிச் சேலை. சாயம் இறங்கும் என்று பயந்து மூன்று தண்ணீர் அலசிய பிறகுதான் வெட்டினேன். அதில் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் ஏதோ முள் கிழித்த ஓட்டை. அமுச்சி அதைப் பச்சை நூலால் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி மூடியிருந்தாள். ஒரு பயறு அளவுதான் இருக்கும். அரக்கு நூல் கையில் இல்லையோ என்னவோ. அந்த இடத்தை வெட்டி எறிய எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்றே கண்ணில் படும்படி வைத்துத் தைத்தேன்.

தப்பு நடந்தது கூரியர் கவுன்ட்டரில். பெட்டியை எடை போட்டுவிட்டு அந்தப் பையன் கேட்டான்: "துணிதானே மேடம்? விக்கிறதுக்கா?"

"இல்லப்பா, கண்காட்சிக்கு. திரும்பி வந்துடும்."

"அப்போ பெட்ஷீட்னு போட்டுடலாம். வேல்யூ கம்மியா போட்டா அங்க டூட்டி எதுவும் கேக்க மாட்டாங்க."

'பழைய பெட்ஷீட், எண்ணிக்கை 1, மதிப்பு 500 ரூபாய்' என்று அடித்தான். எட்டு மாத வேலை அது. படித்தபோது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பின்னால் வரிசை நின்றது, தினமும் நூறு பார்சல் அனுப்புகிறவனுக்குத் தெரியாதா என்று நினைத்தேன், கையெழுத்துப் போட்டேன். அத்தனை அலைச்சலும் அந்த ஒரு கையெழுத்தால் வந்தது. கவுன்ட்டரில் இருப்பவர் சொல்வதெல்லாம் பார்சல் போய்ச் சேருவதற்கான வழி. திரும்பி வருவது அவர் கவலை இல்லை.

பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கண்காட்சியில் தொங்கிய படம் வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

முடிந்ததும் அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள்: ஆர்ட் குவில்ட், 600 பவுண்டு. இன்ஷூரன்ஸுக்காக நானே கொடுத்திருந்த மதிப்பு. இங்கே வந்து இறங்கியதும் சுங்கத்தில் பார்சலை நிறுத்திவிட்டார்கள்.

கூரியர் கம்பெனி ஆதார் கேட்டது, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் உதவி எண்ணில் தினம் ஒரு குரல், தினம் ஒரு பதில். "கட்டிட்டு எடுத்துக்கோங்க மேடம், அப்புறம் ரீஃபண்ட் போட்டுக்கலாம்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். கட்டிவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் டாக்குமென்ட் பார்க்கிறவர். அவர்தான் போன் பண்ணித் தடுத்தார்: "கட்டிடாதீங்க அக்கா. நம்ம பொருள் நமக்கே திரும்பி வந்தா விலக்கு இருக்கு. போனப்போ போட்ட ஷிப்பிங் பில்லை அனுப்புங்க."

அனுப்பினேன். பத்து நிமிடம் பதில் இல்லை. அப்புறம், "அக்கா, இதுல பெட்ஷீட்னு இருக்கே?"

அவர் சொல்லிக் கொடுத்த சட்டம் இதுதான். இங்கிருந்து வெளியே போன பொருள் திரும்பி வந்தால், சுங்கச் சட்டம் 1962-இன் 20-ஆம் பிரிவுப்படி சாதாரணமாக அதை இறக்குமதியாகவே பார்ப்பார்கள், வரி உண்டு. ஆனால் 2017-இல் வந்த 45-ஆம் எண் சுங்க அறிவிக்கை அப்போது அதற்கு விலக்குக் கொடுத்தது. மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்திருக்க வேண்டும், ஏற்றுமதிச் சலுகை எதுவும் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், போன பொருளேதான் வந்திருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். மற்றது எதுவும் எனக்குப் பிரச்சினை இல்லை. அந்தக் கடைசி விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் பயணம் முழுக்க வீண். ராத்திரி ரயிலேறிக் காலையில் சுங்க அலுவலகத்தில் போய் நின்றேன். எல்லாப் படமும் எல்லா மெயிலும் போனில் இருந்தது. "பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்துப் போட்டு, உதவி ஆணையருக்கு ஒரு லெட்டரோட கொண்டு வாங்க" என்றார்கள். சரி என்று ஜெராக்ஸ் கடை தேடிப் போய் எடுத்து வருவதற்குள் அன்றைக்குக் கோப்பு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இதை உதவி எண்ணில் பேசிய எட்டுப் பேரில் ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். அன்று மாலை ரயிலில் ஊர் திரும்பும்போது இருந்த வயிற்றெரிச்சலை என்னால் எழுத முடியாது.

இரண்டாம் தடவை போவதற்கு முன் உட்கார்ந்து ஒரு கோப்பு தயார் செய்தேன். வேண்டுகோள் கடிதம், போனபோதும் வந்தபோதும் கூரியரில் போட்ட ஏர்வே பில் என்ற விமானச் சரக்குச் சீட்டு, கண்காட்சிக்குப் பதிவு செய்த ரசீது, அங்கே தொங்கிய படம். குவில்டை அனுப்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஏற்பாட்டாளர்களுக்கு நான் அனுப்பிய மெயில், அதோடு போன இரண்டு படங்கள், தேதி தெரியும்படி. ஒரு படம் முழுக் குவில்ட். இன்னொன்று நெருக்கத்தில் எடுத்தது, அமுச்சியின் பச்சை நூல் ஓட்டு. அந்த நேரத்தில் எனக்குப் பிடித்த இடம் என்று எடுத்த படம், அவ்வளவுதான். திருப்பூர்க்காரர் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு ஏர்வே பில்லுலயும் எடை பாருங்க" என்றார். போனது 2.4 கிலோ, வந்தது 2.4 கிலோ. இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

அதிகாரி ஒரு பெண்மணி. கோப்பைப் பொறுமையாகப் புரட்டினார். "போனது பெட்ஷீட். வந்தது ஆர்ட் குவில்ட். ரெண்டும் ஒண்ணுன்னு நான் எப்படிம்மா எழுதறது?"

அவர் கேட்டது நியாயம். பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்டேன். கொண்டு வந்தார்கள். திறப்பவர் டேப்பின் மேல் கத்தியை ஓட்டியபோது எனக்கு உயிரே போனது. மூடிக்கு நேர் கீழே ஒரு அட்டை வைத்திருந்தேன், அதில் நீளமாக ஒரு வெட்டு விழுந்தது. அட்டை இல்லாவிட்டால் அந்த வெட்டு துணியில் விழுந்திருக்கும். திருப்பி அனுப்பும்போது அந்த அட்டையை மறக்காமல் வைத்த பர்மிங்காம்காரர்கள் நன்றாக இருக்கட்டும்.

மேசையில் பாதி விரித்தேன். அவர் முதலில் பின்பக்கம் பார்த்தார். என் பெயர், ஊர், வருடம் எம்ப்ராய்டரி செய்த லேபிள் இருந்தது. "இதை எப்ப வேணா தைக்கலாமே" என்றார். அப்புறம் நான் நடுக்கட்டத்தைக் காட்டி, பிரின்ட் எடுத்த நெருக்கப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்து, பச்சை நூல் இழைகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எண்ணினார். படத்திலும் எண்ணினார். குறுக்கே ஏழு, நெடுக்கே ஒன்பது. ஓரத்தில் ஓர் இழை மட்டும் கோணலாக இழுத்திருக்கும். படத்திலும் அதே கோணல்.

"இது யார் தச்சது?"

"எங்க அமுச்சி. இறந்து பதினோரு வருஷம் ஆச்சுங்க."

மெயிலின் தேதியை இன்னொரு தரம் பார்த்தார். எழுத ஆரம்பித்தார். மதிப்பைக் குறைத்துக் காட்டியதற்கு எச்சரித்தார், அது தவறுதான். நடந்ததைச் சொல்லி நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி வரச் சொன்னார். மதியத்துக்குள் வாங்கிக் கொடுத்தேன். வரி இல்லை. அத்தனை நாள் கிடங்கில் கிடந்ததற்கு மட்டும் 3,150 ரூபாய் கட்டினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன், ரயிலில் யார் கேட்டும் மேலே ஏற்றவில்லை.

இனி அனுப்புகிறவர்களுக்கு. சாம்பிள், கிஃப்ட் என்று போகும் வழியில் அனுப்பாதீர்கள். ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில்தான், 500 ரூபாய். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அந்த இணையதளத்துக்குள் போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். அதற்குக் காசு இல்லை, ஆனால் விட்டுவிட்டால் எண் செயலிழந்துவிடும். அது இருந்தால் கூரியரிலேயே முறையான ஏற்றுமதி பில் போடலாம். இன்வாய்ஸை நீங்களே அடித்துக் கொண்டு போங்கள்: கையால் தைத்த பருத்திக் குவில்ட், அளவு, நிறம், பின்பக்க லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, உண்மையான மதிப்பு, விற்பனைக்கு அல்ல, கண்காட்சி முடிந்து திரும்பி வரும். முன்பக்கம், பின்பக்கம், லேபிள், ஏதாவது ஒரு தனி அடையாளம் என்று படங்களை அதோடு சேர்த்துச் சுங்க முத்திரை வாங்க முயலுங்கள். நகலைக் கண்காட்சிக்காரர்களுக்கும் அனுப்பி, திருப்பி அனுப்பும்போது அதே வாசகத்தையும் அதே மதிப்பையும் நம் ஏற்றுமதி பில் எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். கவுன்ட்டரில் வேறு ஏதாவது அடித்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

ஏ.டி.ஏ. கார்னே, அதாவது தற்காலிகமாக வெளியே போய்த் திரும்பும் பொருளுக்கான சுங்க ஆவணம், பற்றிச் சிலர் கேட்டார்கள். இங்கே ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு கொடுக்கிறது, ஒரு வருடம் வரை செல்லும், இரண்டு பக்கச் சுங்கத்துக்கும் அது ஒன்றே போதும். ஆனால் பொருள் மதிப்புக்கு ஏற்ப ஈடு வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து குவில்டைக் கையோடு எடுத்துக்கொண்டு தனிக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குச் சரி. ஒரே ஒரு குவில்டுக்கு இது எனக்குக் கட்டாது.

இன்னொன்று மனதில் கிடக்கிறது. சுங்க அட்டவணையில் குவில்டுக்கு இடம் 94-ஆம் அத்தியாயத்தில், மெத்தைக்கும் தலையணைக்கும் பக்கத்தில். சுவரில் தொங்கவிடுவதற்காகவே செய்ததாக இருந்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்குப் போர்வைதான். அந்தக் கவுன்ட்டர் பையனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் சொந்தக்காரர்களே இன்னும் "மெத்தை தைக்கிற வேலை எப்படிப் போகுது?" என்றுதான் கேட்கிறார்கள்.

குவில்டில் மடிப்புத் தடம் இரண்டு விழுந்திருக்கிறது. லேசாகத் தண்ணீர் தெளித்து நிழலில் விரித்துவைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை வகுப்பை மறுபடி தொடங்கினேன். பைண்டிங் மூலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஆறு பேரையும் அவரவர் குவில்டைத் திருப்பிப் போடச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொருவரும் பின்பக்கத்தைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் தன் தையலில் நூல் முடிந்து முடிச்சுத் துருத்திக்கொண்டிருந்த இடத்தைக் கையால் மறைத்தாள். அதை மறைக்காமல் நெருக்கத்தில் எடுக்கச் சொன்னேன்.