நெல்லுக்கு மண்புழு உரம் போட்டால் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்?

ஏக்கருக்கு ஒரு டன் மண்புழு உரம் போட்டாச்சு, யூரியா பாதி போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். தூர்கட்டும் (பக்கக் கிளைகள் விடும்) நேரத்தில் பயிர் வெளிறியதும் திட்டு உரத்துக்கு விழுகிறது. தப்பு கணக்கில்தான்.

மண்புழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1.5 சதவீதம் என்றால் அது காய்ந்த எடைக்கு. மூட்டையில் வருவதில் 40 சதவீதம் வரை ஈரம் இருக்கும். நூறு கிராம் எடுத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். 60 கிராம் நின்றால், ஒரு டன்னில் சரக்கு 600 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. அதிலும் முதல் பயிருக்குப் பாதி கிடைத்தாலே அதிகம். 4 கிலோ என்று வைத்தால், 9 கிலோ யூரியாவுக்குத்தான் ஈடு.

இன்னொரு கசிவும் உண்டு. நன்றாக முதிர்ந்த உரத்தில் தழைச்சத்தின் ஒரு பகுதி நைட்ரேட்டாக இருக்கும். தண்ணீர் கட்டிய சேற்றில் காற்று இல்லாததால் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கிப் பறக்கவிட்டுவிடும்.

பிறகு எதற்குப் போட வேண்டும்? யூரியாவிலிருந்து வரும் அம்மோனியத்தைப் பிடித்து வைக்க. அறுவடைக்குப் பின் மண் பாளம் பாளமாக இறுகாமல் இருக்க. பச்சை வைக்கோலை மடக்கி உழுதால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களே தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளாகும். மக்கி முடிந்த உரத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஏக்கருக்கு 2 டன் நல்ல அளவு. தொழி உழவு (சேற்றுழவு) முடிந்து, தண்ணீரைச் சேறு தெரியும் அளவுக்கு வடித்த பிறகே தூவி, உடனே பரம்படித்துச் சமன் செய்ய வேண்டும். இரண்டு அங்குலத் தண்ணீரில் வீசினால் உரம் மிதந்து மூலையில் ஒதுங்கும், மடை திறந்தால் பக்கத்து வயலுக்குத்தான் போகும். மூன்று நாளைக்கு வடிகாலை அடைத்து வையுங்கள்.

யூரியாவை மண்புழு உரத்தோடு கலந்து குவித்து வைக்காதீர்கள். உரத்தில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைக்கும். மறுநாள் குவியலைக் கிளறும்போது மூக்கில் ஏறும் நெடி, காசு ஆவியாவதன் வாசனை. துத்தநாக சல்பேட்டையும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரங்களோடு கலக்காமல், மணலில் சேர்த்துத் தனியாகத் தூவுங்கள்.

மண்புழு உரத்தோடு வரும் புழுக்கள் வயலில் பெருகும் என்பது ஆசைதான். தேங்கிய நீரில் அவை நிலைக்காது.

குறைப்பதானால் அடியுர யூரியாவில் குறையுங்கள். தூர்கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் போடும் மேலுரத்தில் கை வைக்க வேண்டாம். அதை இலை வண்ண அட்டை (எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்ட அட்டை) முடிவு செய்யட்டும்: நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலையில், உங்கள் உடல் நிழலில், பத்துக் குத்துகளில் முழுதாக விரிந்த மேல் இலையை வைத்துப் பாருங்கள். ஆறு இலையாவது உங்கள் ரகத்துக்கான எண்ணுக்குக் கீழே (3 அல்லது 4) இருந்தால் யூரியா போடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் பார்க்கலாம்.