12-ம் 12-ம் 24 இல்லை

கட்டடக்கலை முதலாம் ஆண்டு, இரண்டாம் செமஸ்டரில் எங்களுக்குக் கொடுத்த வேலை: உன் குடும்பத்துக்கு நீயே ஒரு வீடு வடிவமைத்துக் கொண்டு வா. மனையையும் நாமே சொல்லலாம். தென்காசியில் எங்கள் ஓட்டு வீட்டை ஒட்டி அப்பா வாங்கிப் போட்ட இடம் ஒன்று இருக்கிறது. 30க்கு 60, நாலு சென்ட்டுக்குச் சற்றுக் கூட, கிழக்கே தெரு. முன்னும் பின்னும் 5 அடி, பக்கங்களில் 3 அடி காலி விட வேண்டும், இரண்டு தளமும் சேர்த்து 1500 சதுர அடியைத் தாண்டக் கூடாது என்று மேடம் எல்லை போட்டுக் கொடுத்தார். அவகாசம் ஆறு வாரம்.

முதல் வாரம் போனில் படம் சேர்ப்பதில் போனது. எல்லாம் கண்ணாடிச் சுவரும் வெள்ளை சோபாவும்தான். ஒரு படத்தில்கூடக் கொடியில் துணி காயவில்லை.

இரண்டாம் வாரம் பட்டர் ஷீட்டை, அதாவது வரைகிற மெல்லிய தாளை, விரித்து உட்கார்ந்தேன். பக்கத்துக்கு 3 அடி போக, வீட்டுக்குக் கிடைக்கிற அகலம் 24 அடி. குறுக்கே இரண்டு அறை, 12 அடி, 12 அடி. மேடம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுவரையெல்லாம் எங்கேம்மா வச்சிருக்கே?" என்றார். நான் ஒற்றைக் கோடாக வரைந்திருந்தேன். வெளிச்சுவர் இரண்டும் 9 அங்குலம், நடுச்சுவர் நாலரை அங்குலம் என்று கழித்தால் 22 அடி ஒன்றரை அங்குலம்தான் மிஞ்சும். அறைகள் 11 அடிக்கு வந்துவிட்டன. வகுப்பில் பாதிப் பேர் இதே தப்பைச் செய்திருந்தது ஒரு ஆறுதல்.

இதில் ஒரு வேடிக்கை. அதற்கு முந்தைய வாரம்தான் ஆச்சி மனையடி சாஸ்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏட்டி, பன்னெண்டு அடி ஆவாதுன்னு சொல்லுவாவ. பதினொன்னு வையி." நான் காதில் வாங்கவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போய் அறை 11 அடி என்றதும் ஆச்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு, பேத்தி சொல் பேச்சு கேட்கிறாள் என்று. நான் மறுத்துச் சொல்லவில்லை. மிச்சமிருந்த ஒன்றரை அங்குலத்தைப் பூச்சு எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் வாரம் இப்போது குடியிருக்கும் வீட்டை அளந்து வரைய வேண்டும். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் என்று தம்பியை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு அறையையும் நீளம், அகலம் அளந்து ஷீட்டில் ஏற்றினால் கடைசி மூலை சேரவே இல்லை, 5 அங்குலம் இடைவெளி. திரும்ப அளந்தோம், அதே 5 அங்குலம். தம்பி டேப் தப்பு என்றான். பக்கத்துத் தெருவில் கொத்தனார் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டுச் சாக்கட்டியால் தரையில், மூலையிலிருந்து ஒரு சுவரோரம் 3 அடியில் ஒரு கோடு, இன்னொரு சுவரோரம் 4 அடியில் ஒரு கோடு போட்டார். இரண்டுக்கும் நடுவே டேப்பை இழுத்தார். மூலை மட்டமாக, அதாவது செங்கோணமாக, இருந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். 5 அடி 2 அங்குலம் வந்தது. "மூலை விரிஞ்சிருக்கு. ஒங்க தாத்தா கட்டும்போதே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். பிதாகரஸ் தேற்றத்தைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவள் நான். அது சுவரைப் பிடிக்கும் என்று தெரியாது. அதன் பிறகு எல்லா அறையிலும் குறுக்களவு எடுத்தோம், மூலை சேர்ந்தது.

அளக்கிற கையோடு சாமான்களையும் அளந்துகொண்டேன். யாராவது இந்த வேலை செய்வதாக இருந்தால் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். கட்டில் ஆறரைக்கு 5. பீரோ 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். ஆனால் கதவைத் திறந்தால் முன்னால் இன்னும் ஒன்றரை அடி, அதற்கு முன்னால் ஆள் நிற்க 2 அடி. இவற்றைக் காகிதத்தில் 1:50 அளவில் வெட்டி வைத்துக்கொண்டு பிளானில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். 11 அடி அறை போதும் போதும் என்கிற அளவில்தான் இருக்கிறது. சோபாவுக்கு ஆசைப்பட்ட இடத்தில் பீரோ வந்து நின்றது.

அப்புறம் மாடிப்படி. என்னை அழவைத்தது அதுதான். ஹாலின் ஓரத்தில் 8 அடி நீளத்துக்கு 9 மிதி வரைந்து, "படி" என்று எழுதி, அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன். தரையிலிருந்து மேல் தளம் 10 அடி. 9 மிதி என்றால் ஏற வேண்டிய தடவை 10, அதாவது ஒவ்வொரு படியும் 1 அடி உயரம். அதற்குப் பெயர் ஏணி. ஆச்சியின் முழங்காலுக்கு 6 அங்குலமே அதிகம். 6 அங்குலம் என்று வைத்தால் 20 ஏற்றம். இரண்டாக மடித்தால் பக்கத்துக்கு 10. ஒரு பக்கத்துக்கு 9 மிதி, மிதிக்கு 10 அங்குலம், ஆக ஏழரை அடி. திரும்புகிற மேடை 3 அடி. மொத்தம் பத்தரைக்கு ஆறரை. 1500 சதுர அடிக்குள் அடங்க வேண்டிய வீட்டில் ஒரு சின்ன அறையையே படி விழுங்கிவிட்டது. படிக்கு அடியில் கழிவறை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். மேடை இருப்பது 5 அடி உயரத்தில், கான்கிரீட் கனம் போனால் கீழே நாலரை அடி. அப்பா குனிந்தே குளிக்க வேண்டும். கடைசியில் அங்கே இன்வெர்ட்டரும் தேங்காய் மூட்டையும் போயின.

ஆனால் வீட்டின் அமைப்பையே மாற்றியது காற்று. மேற்கு வெயில் ஆகாது, அந்தப் பக்கம் படி, கழிவறை, அடுப்படி போன்றவற்றை வைத்து மறைத்துவிடு என்பது வகுப்புப் பாடம். அப்படியே வைத்தேன். ஆச்சிக்குப் பிளான் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு அறையாக விரல் வைத்துச் சொன்னேன். மேற்கே வந்ததும் நிறுத்திவிட்டார். "மேக்க அடைச்சா காத்து எங்கிட்டுட்டி வரும்?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால், செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று இங்கே கதவை அறைந்து சாத்தும். ஆச்சி கொல்லைப்பக்க வாசலில் பாய் போட்டுப் படுப்பது அதற்காகத்தான். தெரிந்துகொண்டேதான் நான் அதை அடைத்திருந்தேன், புத்தகம் சொன்னது என்று. அதே புத்தகம் வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்றும் சொல்கிறது. நாங்கள் இருப்பது ஏறக்குறைய 9 டிகிரி வடக்கில். ஜூன் மாதம் உச்சி வேளையில் சூரியன் தலைக்கு வடக்கே சுமார் 14 டிகிரி சாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும்.

மேல்காற்று என்று ஒப்புக்கொண்ட பிறகு அடுப்படியும் நகர்ந்தாக வேண்டும். மேற்கே தாளித்தால் கடுகு வாசம் கூடம், படுக்கையறை எல்லாம் சுற்றிவிட்டுத்தான் தெருவுக்குப் போகும். காற்று வெளியேறுகிற கிழக்கு ஓரத்தில் வைத்தால் நேரே வெளியே. தென்கிழக்கு என்று குறித்தேன். "அக்னி மூலை" என்று ஆச்சி தலையாட்டினார். கிழக்குப் பார்த்த மனையில் அக்னி மூலை என்றால் அடுப்படி தெருமுகத்தில் வரும். பார்க்க நன்றாக இருக்காதே என்று நான் தயங்க, அம்மா விடவில்லை. "இருபது வருஷமா கொல்லைச் சுவரப் பாத்துக்கிட்டே தோசை சுட்டாச்சு. கீரைக்காரி சத்தம் கேட்டா ஜன்னல்லயே வாங்கிக்கிடுவேன்." அதுவரை என் பிளான் பற்றி அம்மா சொன்ன ஒரே கருத்து இது.

படியும் கழிவறையும் நடுப்பக்கம் நகர்ந்தன. மேற்கே 6 அடியில் ஒரு தாழ்வாரம். வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் விட, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர். கல்லூரியில் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனபோது கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் பார்த்தது. அங்கே உள்ளே நின்றால் தரையெல்லாம் சின்னச் சின்னக் கட்டமாக வெளிச்சம் விழும். எங்கள் ஊரில் அதே ஓட்டை வழியாகச் சாரலும் வரும் என்பதால் தாழ்வாரத் தரையை வெளிப்பக்கம் ஓர் அங்குலம் சரித்தேன்.

மாடல் செய்ததில் சன்போர்டு அட்டையை விடக் கட்டைவிரலில்தான் கட்டர் அதிகம் பட்டது. வேலையை மதிப்பிடுகிற ஜூரியில் வெளியிலிருந்து வந்தவர் படிக் கணக்கைக் கேட்டார், ஒப்பித்தேன். சாரலைக் கேட்டார்; சரிவைக் காட்டினேன். "கொசு?" என்றார். மொத்தத் தாழ்வாரமும் ஓட்டை. என்னிடம் பதில் இல்லை.

மதிப்பெண் மோசமில்லை. ஷீட்டைச் சுருட்டி ஊருக்கு எடுத்து வந்தேன். அப்பா கூடத்துச் சுவரில் ஒட்டினார். அம்மா ஈரக்கையோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுப்படி முன்னால, கெணறும் துவைக்கிற கல்லும் பின்னால. தண்ணி எடுத்துட்டு வீட்டுக்குள்ளயா வரணும்?" என்றாள். தெற்கே 3 அடி சந்து இருக்கிறதே என்றேன். ஆனால் அந்தச் சந்தில்தான் மாடி மழைநீர் இறங்குகிற 4 அங்குலக் குழாயை வரைந்திருக்கிறேன். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு இல்லாமல் வீடு கட்ட முடியாது, குழாயை எடுக்கவும் வழியில்லை. சந்தில் மிச்சம் 2 அடி 8 அங்குலம்.

தம்பியை இடுப்பில் குடத்தோடு நிற்கவைத்து அளந்தேன். முழங்கையோடு சேர்த்து 2 அடி 9. பட்டர் ஷீட் இன்னும் இரண்டு மீதி இருக்கிறது.