கடிகாரம் கைவிட்ட கட்டையில் ஒரு விளக்கு

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அந்தப் பொருளுக்கு அது போதவில்லை, அவ்வளவுதான். பிபி மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் சுற்றும் பட்டைக்குக் காற்று ஏற்ற உள்ளே ஒரு மோட்டார் ஓடுகிறது. அதற்கு ஒரே இழுப்பில் நிறைய கரண்ட் வேண்டும். நான்கு பேட்டரிக் கட்டையும் கொஞ்சம் இளைத்தாலே பேட்டரி படத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதே கட்டைகளை டிவி ரிமோட்டிலோ சுவர்க் கடிகாரத்திலோ போட்டால் மாதக்கணக்கில் ஓடும். இதுவரை எல்லா வீட்டிலும் செய்வதுதான். கடிகாரமும் நின்ற பிறகு அந்தக் கட்டையை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

காட்பாடியில் எங்கள் தெருவில் வயதானவர்கள் அதிகம். பிபி மிஷின், சுகர் பார்க்கும் மிஷின், எடை மிஷின் எல்லாம் வீட்டுக்கு வீடு உண்டு. பழைய கட்டைகளைக் குப்பையில் போடாமல் என்னிடம் கொடுங்கள் என்று சொல்லி வைத்ததில், ஒரு பிஸ்கட் டப்பா சீக்கிரமே நிறைந்துவிட்டது.

முதல் வேலை தரம் பிரிப்பது. மல்டிமீட்டரைக் கட்டையில் நேராக வைத்துப் பார்க்கும் அளவை நம்ப முடியாது. சும்மா இருக்கும்போது எல்லாக் கட்டையும் நல்ல வோல்ட் காட்டும், வேலை கொடுத்தால்தான் உண்மை தெரியும். கரண்டுக்குத் தடை போடும் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டையின் இரு முனைக்கும் குறுக்கே பிடித்து, சில நொடி விட்டு வோல்ட் பார்க்கிறேன். பிபி மிஷினிலிருந்து வந்த ஒரு அல்கலைன் கட்டை சும்மா இருக்கும்போது 1.27 காட்டியது, ரெசிஸ்டர் வைத்ததும் 1.17. அதில் சரக்கு நிறையவே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். கடிகாரத்திலிருந்து எடுத்த சாதாரண ஜிங்க் கார்பன் கட்டை சும்மா 1.34 காட்டி என்னை ஆசைப்பட வைத்தது. ரெசிஸ்டரை வைத்ததும் 0.7க்கு இறங்கிவிட்டது. உள்ளே தடை ஏறிவிட்ட கட்டை அது. அதிகக் கரண்ட் கேட்டால் படுத்துவிடும், கொஞ்சமாகக் கேட்டால் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ரேடியோ காலத்தில் தீர்ந்த கட்டைகளை மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்தது பலருக்கு நினைவிருக்கும். வேலூர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். சூட்டில் உள்ளே ரசாயன வேலை கொஞ்சம் வேகமாக நடக்கிறது, ஓய்வு கிடைத்ததும் வோல்ட்டும் சற்று ஏறிக்கொள்கிறது. ஆனால் புதிதாக எந்தச் சக்தியும் உள்ளே போவதில்லை. ஜிங்க் கார்பன் கட்டையில் வெளியே இருக்கும் துத்தநாகக் குவளைதான் எதிர்முனை. கட்டை தீரத் தீர அதுவே கரைந்து மெலிகிறது. மெலிந்த குவளையை அக்னி நட்சத்திரத்தில் சுட வைத்தால் நீர் கசியும். அந்த வழி வேண்டாம்.

சரி, விளக்குக்கு வருவோம். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒற்றைக் கட்டையில் புதிதாக இருக்கும்போதே 1.5தான். இரண்டு மூன்று பழைய கட்டைகளை வரிசையாகப் போட்டால் வோல்ட் வந்துவிடும், ஆனால் அது நல்லதல்ல. வரிசையில் எது முதலில் தீருகிறதோ அதன் வழியாகவே மற்றவை கரண்டைத் தள்ளும், அது தலைகீழாகச் சார்ஜ் ஆகி ஒழுகும். பழைய கட்டைக்கு ஒற்றையாக இருப்பதே பாதுகாப்பு.

இதற்குப் பொருத்தமான சர்க்யூட் ‘ஜூல் தீஃப்’. 1999 நவம்பரில் ‘எவ்ரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்’ என்ற பிரிட்டிஷ் இதழில் காபர்னிக் என்பவர் கொடுத்த சின்ன சர்க்யூட், பிறகு இந்தப் பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன வளையத்தில் இரட்டைக் கம்பிச் சுற்று, ஒரு எல்இடி. டிரான்சிஸ்டர் கரண்டை விடும்போது சுற்றில் காந்தச் சக்தி சேர்கிறது. அது கரண்டை நிறுத்தும் நொடியில் அந்தச் சக்தி கட்டையின் வோல்ட்டோடு சேர்ந்து எல்இடி மேல் பாய்கிறது. இது நொடிக்குப் பல்லாயிரம் முறை நடப்பதால் கண்ணுக்கு நின்று எரிவது போலத் தெரியும். கரும்புச் சாறு கடையில் சக்கையை மடித்து இன்னொரு தரம் மிஷினில் விடுவார்களே, அந்த மாதிரி.

ஃபெரைட் வளையம் வாங்க வேண்டியதில்லை. எரியாமல் போன சிஎஃப்எல் பல்பின் அடிப்பாகத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று இருக்கும். கண்ணாடிக் குழாயைப் பிடித்துத் திருகாதீர்கள், உடைந்தால் பாதரசம். பிளாஸ்டிக் விளிம்பில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் மூடி கழன்று வரும். வளையத்தில் முன்பே இருக்கும் கம்பியை உருவிவிட்டு, நமக்கு வேண்டியபடி சுற்ற வேண்டும். லேன் கேபிள் கம்பி அந்த ஓட்டைக்குத் தடிமன். அதனால் ஃபேன், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மெல்லிய எனாமல் கம்பி கேட்டேன். “இன்னாப்பா, இத்தினியூண்டுக்கா வந்த?” என்று சிரித்துக்கொண்டே ஒரு முழம் போல அறுத்துக் கொடுத்தார் அண்ணன், காசு வாங்கவில்லை.

இரண்டு கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து வளையத்துக்குள் விட்டு வெளியே இழுத்து, பக்கத்தில் பக்கத்தில் படியும்படி 15 சுற்று. நகத்தால் ஒவ்வொரு சுற்றையும் தள்ளி நெருக்கி வைத்தால்தான் கடைசிச் சுற்றுக்கு இடம் கிடைக்கும். முனைகளில் எனாமலைப் பிளேடால் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகே ஈயம் வையுங்கள். ஒரு கம்பியின் தொடக்கமும் மற்றதன் முடிவும் சேரும் இடம் கட்டையின் பிளஸ்ஸுக்கு. பிசி 547 டிரான்சிஸ்டருக்கு கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால்கள். மிச்சமுள்ள முனைகளில் ஒன்று கலெக்டருக்கு, மற்றது ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. எமிட்டர் மைனஸுக்கு. எல்இடி கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில், நீண்ட கால் கலெக்டர் பக்கம். எரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுற்றின் திசையைத்தான்.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. எங்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். அதில் வெளிச்சம் நன்றாக இருந்தது, கட்டையிலிருந்து 40 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தது. 10 கிலோ ஓம் போட்டதும் அது 8க்கு வந்துவிட்டது. ஆனால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது போலக் கண்ணுக்குத் தெரியவே இல்லை. கண் அப்படித்தான், இருட்டில் கொஞ்சத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டையில் 300 மில்லி ஆம்பியர் மணி மிச்சம் என்று வைத்தால், 8 மில்லி ஆம்பியரில் 35 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. இருட்டில் கழிவறைக்குப் போய்வர ஐந்து நிமிடம் எரியும் விளக்குக்கு இது எவ்வளவு பெரிய காலம் என்று யோசித்துப் பாருங்கள்.

10 கிலோ ஓமில் ஒரு சிக்கல் உண்டு. சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு பேஸில் 0.6 வோல்ட் அளவு வேண்டும். கட்டை அதை நெருங்கும்போது விளக்கு தொடங்கத் தயங்கும். எனவே 1 கிலோ ஓமை நிலையாக வைத்து, அதோடு வரிசையில் பழைய ரேடியோவின் 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலைச் சேர்த்தேன். கட்டை நன்றாக இருக்கும்வரை குமிழ் ஒரு பக்கம். மங்கத் தொடங்கினால் கொஞ்சம் திருப்பினால் போதும், மறுபடி எழும். கடிகாரம் நின்ற அந்த 0.7 கட்டை இப்போது இதில்தான் இருக்கிறது, இரவில் எரிந்துகொண்டிருக்கிறது.

அம்மாவுக்கு இந்த வெளிச்சம்தான் பிடித்திருக்கிறது. பெரிய டார்ச் அடித்தால் கண் கூசி, அணைத்த பிறகு ஒன்றும் தெரிவதில்லை என்பார். அதுவும் சரிதான். கண் முழுதாக இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், ஒரு பளீர் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். வானம் பார்ப்பவர்கள் மங்கலான சிவப்பு விளக்கு வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

ரீசார்ஜ் கட்டைகளை மட்டும் இதில் போடாதீர்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டையை இவ்வளவு ஆழமாக உறிஞ்சினால் கெட்டுப்போகும், லித்தியம் அயான் இன்னும் ஆபத்து. கட்டையின் மேல் போட்ட தேதியைப் பேனாவால் எழுதி, வாரம் ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன். அடியில் ஈரமோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால், மிச்சம் எவ்வளவு இருந்தாலும் வெளியேற்றம்தான். அல்கலைன் கசிவு காரம், எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் முனையைத் துடைத்து உலர வைக்கலாம்.

அடுத்து சிவப்பு எல்இடி வைத்து இன்னொன்று. அதற்கு 2 வோல்ட்டே போதும், அதனால் கட்டை இன்னும் நீளும் என்று எதிர்பார்க்கிறேன். மழை விட்டு வானம் தெளிந்ததும் காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் நண்பர்களோடு போகும் திட்டம் இருக்கிறது. நட்சத்திர வரைபடம் படிக்க அங்கே அதைக் கொண்டுபோக வேண்டும். வளையம் சுற்றியாகிவிட்டது, டப்பாவில் 0.9க்கு மேல் நிற்கும் கட்டைகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.