மூச்சை விடப் பழகிய எட்டு மாதங்கள்

எங்கள் ஊரில் ஒருவனுக்கு நீச்சல் தெரியும் என்பதற்குச் சாட்சி ஒரு பிடி சேறு. கிணற்று மேட்டிலிருந்து குதித்து, அடிவரை முங்கி, சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், மிதப்பதற்காக முதுகில் சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டி அப்பா என்னைத் தள்ளிவிட்டபோது எனக்கு ஆறு வயது. பத்து வயதில் சேறு எடுத்தேன். கறுத்துக் குளிர்ந்து விரலிடுக்கில் வழிந்த அந்தச் சேற்றின் வாசம் முப்பது வருடம் கழித்தும் மூக்கில் நிற்கிறது.

அதனால், சென்ற மே மாதம், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் பந்தயத்துக்குப் பழகலாம் என்று முடிவு செய்தபோது நீச்சலைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. ஐந்து வருடமாக ஓடுகிறேன், ஓட்டம் பிரச்சினை இல்லை. சைக்கிள்தான் வாங்க வேண்டியிருந்தது. நான் குறிவைத்தது இருப்பதிலேயே சிறிய தூரங்களில் ஒன்று: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட டிரையத்லானின் தூரத்தில் இது சரிபாதி.

வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் முதல் நாள் இறங்கினேன். ஐம்பது மீட்டர் நீளமுள்ள குளம். முப்பது மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. மறுநாளும் அதே இடம், அதே கயிறு. தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு முப்பது மீட்டர் தண்ணீரில் மூச்சு முட்டுகிறதே என்று எனக்கு அழுகையே வந்தது.

பக்கத்துப் பாதையில் ஒரு பெண்மணி தினமும் நிற்காமல் நீந்துவார். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவோம். மூன்றாம் நாள் அவரே பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, நீங்கள் கிணற்றில் பழகியவரா?”

“ஆமாம் டீச்சர். எப்படித் தெரிந்தது?”

“தலையைத் தூக்கிக்கொண்டே போகிறீர்கள், அதனால் கால் தாழ்கிறது. அதைவிட முக்கியம், மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறீர்கள். முட்டுவது காற்று போதாததால் என்று நினைக்கிறீர்கள். உள்ளே கரியமில வாயு சேர்ந்துபோய் முட்டுகிறது. பழைய மூச்சு வெளியே போனால்தானே புதியது உள்ளே வரும்?”

அவர் சொன்னதை அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். கிணற்றில் தூரம் என்பதே கிடையாது. நாலு கை போட்டால் எதிர்ச்சுவர். அங்கே பெருமையெல்லாம் ஆழத்தில்தான். யார் அதிக நேரம் மூச்சைப் பிடிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் சேறு. என் உடம்பு ஆறு வயதிலிருந்து ஒரே பாடத்தைப் படித்திருந்தது: தண்ணீருக்குள் போனால் மூச்சைப் பிடி. நாற்பது வயதில் அதை மறக்கச் சொல்ல வேண்டும்.

டீச்சர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது ‘ம்ம்ம்’ என்று இழுக்க வேண்டும். சத்தம் கேட்டால் மூச்சு வெளியே போகிறது என்று பொருள். பிறகு தலையைத் தூக்காமல், ஒரு காது தண்ணீரிலேயே இருக்க, முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு வாரம் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ‘ம்ம்ம்’ மட்டுமே செய்தேன். ஜூலை கடைசியில் நூறு மீட்டர். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரம், குளத்தை நிற்காமல் பதினைந்து முறை கடந்தேன். 750 மீட்டர். டீச்சர் கரையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சைக்கிள் பழையதாக வாங்கினேன், நல்ல வண்டி. ஞாயிறுகளில் விடியற்காலை நாலரைக்குத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய்த் திரும்புவோம். முட்டுக்காடு பாலத்தில் ஒருமுறை பஞ்சர் ஆகி, கைப்பேசி வெளிச்சத்தில் டியூப் மாற்றப் படித்துக்கொண்டேன். திரும்பியதும் சைக்கிளை வைத்துவிட்டு உடனே இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். இதற்கு ‘பிரிக்’ என்று பெயர், செங்கல். இறங்கி ஓடும்போது தொடைகள் செங்கல்லாகத்தான் இருக்கும். அவ்வளவு நேரம் வட்டமாகவே சுற்றிய கால்களுக்கு, தரையை உதைப்பது எப்படி என்று நினைவு வர ஒரு கிலோமீட்டர் ஆகிறது.

மூன்றில் நீச்சல் ஏன் முதலில் வருகிறது என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். களைத்தவன் ஓட்டத்தில் உட்கார்ந்துகொள்ளலாம், தண்ணீரில் உட்கார முடியாது என்றார். ஹவாயின் ஓவாஹு தீவில் 1978 பிப்ரவரி 18 அன்று நடந்த முதல் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லானைப் பற்றி அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் முழு மாரத்தான். 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. முடிக்காத அந்த மூன்று பேரைப் பற்றித்தான் நான் அதிகம் நினைத்தேன். அவர்களும் ஏதோ ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

பந்தயம் இந்த மார்கழியின் கடைசி ஞாயிறு, கோவளத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரையில். வழியெல்லாம் வாசல்களில் கோலம், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. கையிலும் கெண்டைக்காலிலும் பந்தய எண் எழுதினார்கள். கழுத்திலும் அக்குளிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். உப்புநீரில் துணி உரசினால் தோல் கிழிந்துவிடும். சைக்கிள் பக்கத்தில் ஹெல்மெட், அதற்குள் கண்ணாடி, கீழே ஷூ, ஷூவுக்குள் கொஞ்சம் பவுடர். ஹெல்மெட் பட்டையை மாட்டாமல் சைக்கிளைத் தொட்டால் தண்டனை உண்டு என்பதால் அந்த வரிசையை வீட்டில் இருபது முறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

கடலில் நூறு மீட்டர் போயிருப்பேன். முன்னால் போனவரின் குதிகால் என் நீச்சல் கண்ணாடியில் பட்டது. வலது கண்ணுக்குள் உப்புநீர். தலையைத் தூக்கினேன், அலை அறைந்து வாய் நிறைய உப்பு. அடுத்த நொடி உடம்பு மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டது. எட்டு மாதப் பழக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. கீழே பார்த்தால் கலங்கல், அடி தெரியவில்லை.

மல்லாந்துவிட்டேன். அது மட்டும் கிணறு கொடுத்தது. களைத்தால் மல்லாந்து கிட, தண்ணீர் உன்னைத் தாங்கும் என்று அப்பா அன்றைக்கே சொல்லியிருந்தார். எங்கள் கிணற்றில் மல்லாந்தால் வானம் வட்டமாக, ஓரத்தில் ஒரு வேப்பங்கிளை நீட்டிக்கொண்டு, கைக்கு அடக்கமாகத் தெரியும். இங்கே வானத்துக்கு ஓரமே இல்லை. பாதுகாப்புக்கு நின்ற ஃபைபர் படகிலிருந்து ஒரு மீனவர் குனிந்து, “அண்ணே, பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை” என்றார். உண்மைதான், படகைப் பிடித்து இளைப்பாற விதி இடம் கொடுக்கிறது. அதை வைத்து முன்னேறத்தான் கூடாது. விளிம்பில் கை வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி நீரைக் கொட்டி மாட்டினேன். ‘ம்ம்ம்’ என்றேன், காற்றிலேயே, சத்தமாக. மீனவர் என்ன நினைத்தாரோ, அவரும் தலையை ஆட்டினார். பிறகு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மறுபடி ‘ம்ம்ம்’. குமிழிகள் காதோரம் உருண்டு மேலே போவது கேட்டது. கையை விட்டேன். அங்கிருந்து கரைவரை ஒவ்வொரு மூச்சையும் அந்தச் சத்தத்தோடுதான் விட்டேன். நீரோட்டம் தெற்கே தள்ளியது. பத்து கைக்கு ஒருமுறை ஆரஞ்சு மிதவையைப் பார்த்துத் திசையைத் திருத்திக்கொண்டேன்.

நீச்சல் முடிய 23 நிமிடம் 40 விநாடி. சைக்கிளில் தெற்கே போனபோது முதுகைத் தள்ளிய வாடைக்காற்று, திரும்பும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. யாருடைய பின்னாலும் காற்று மறைவில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. ஓட்டத்தில் முதல் கிலோமீட்டர் செங்கல், பிறகு என் பழைய கால்கள் திரும்பி வந்தன. மொத்தம் ஒரு மணி 46 நிமிடம். டீச்சர் வந்திருந்தார். என் மனைவியும் ஏழு வயது மகளும் அவரோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். எனக்கு யாரிடமும் பேச வரவில்லை, டீச்சரின் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மணலில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

“கடலில் அடி தெரியுமா சாமி?” என்றார் முதல் கேள்வியாக.

“தெரியாதுங்கப்பா, ஒரே கலங்கல்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, இந்த வருடம் நம் கிணற்றில் மேலிருந்து ஏழாவது படி வரை தண்ணீர் நிற்கிறது என்றார். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். பேத்திக்காகச் சுரைப்புருடை ஒன்றைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாராம்.